விடிந்ததும் ஒரு மடக்கு ரம்

பொழுது விடிந்தும் விடியாத நேரத்தில் ராணுவமே சிப்பாய்களுக்கு மது ஊற்றிக் கொடுத்தது, அதுவும் அதிகாரியின் கண்முன்னாலேயே குடிக்கச் சொன்னது என்றால் நம்புவீர்களா?

முதல் உலகப் போரின்போது, பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பிரிட்டிஷ் வீரர்கள் பதுங்குகுழிகளில் கிடந்த காலம் அது. முழங்கால் வரை சேறு, எலும்பைத் துளைக்கும் குளிர். எதிரி பாய்ந்துவிடக் கூடாதே என்று விடியும்போது எல்லாரும் துப்பாக்கியோடு விழிப்பாக நிற்பார்கள். அது முடிந்த பிறகு பெரும்பாலும் ஒரு கனமான பீங்கான் ஜாடி வரும். மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெளிர்நிறம். உள்ளே கறுத்த, காட்டமான ரம். ஆளுக்கு ஓரிரு மடக்குதான். அதையும் நின்ற இடத்திலேயே குடித்துவிட வேண்டும். சேர்த்து வைத்து மொத்தமாகக் குடித்துவிட்டால் காவல் என்னாவது?

மது உடம்பைச் சூடாக்குவதில்லை என்பது நமக்குத் தெரியும். தோல் கதகதப்பாகும், ஆனால் உள்சூடு வெளியேறிவிடும். என்றாலும் பக்கத்தில் நின்ற தோழன் முந்தின நாள்தான் செத்திருக்கிறான். அந்த ஒரு மடக்குக்காகக் காத்திருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரெஜினால்ட் பின்னி என்ற தளபதி மதுவைத் தொடாதவர். தன் படைப்பிரிவில் ரம்மை நிறுத்தி, தேநீர் கொடுக்கச் சொன்னார். வீரர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்!