பச்சிளங் குழந்தையின் இரத்தத்தில் நோய்க்கிருமி: விரைந்து அறிவது எங்ஙனம்?

பிறந்து 28 நாள் நிறையாத குழந்தையின் இரத்தத்தில் நோய்க்கிருமி புகுந்து பெருகுமாயின், சில மணி நேரத்திலேயே நோய் முற்றிவிடும். காய்ச்சல் வந்தே தீர வேண்டுமென்பதில்லை. உடல் குளிர்ந்து போதலும் உண்டு. ஆகவே காலத்தில் கண்டறிதலே உயிர் காக்கும் முதற்படியாகும்.

இதற்கென மருத்துவமனைகளில் நிலைபெற்றிருப்பது இரத்த வளர்ப்புச் சோதனை. சுமார் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தை, கிருமிக்கு உணவாகும் திரவம் கொண்ட புட்டியில் இட்டு உடற்சூட்டில் வைப்பர். கிருமி இன்னதென்றும் அதற்கேற்ற மருந்து இன்னதென்றும் இதனால் தெளியலாம். ஆனால் கிருமி தலைகாட்டவே ஒன்றிரண்டு நாள் செல்லும். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் இரத்தம் முழுவதும் ஏறத்தாழ கால் லிட்டரே. மிகுதியாக எடுக்கவும் இயலாது. முன்னரே மருந்து செலுத்தியிருப்பின் கிருமி வளராமலும் போகலாம்.

சி.ஆர்.பி. என்னும் புரதத்தை அளக்கும் சோதனை மலிவானது, விரைவானது. எனினும் நோயின் தொடக்கத்தில் அப்புரதம் உயர்வதில்லை; ஒரு முறை குறைவாயிருந்தது கொண்டு நோயில்லை எனத் துணிதல் கூடாது. பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் விடையளிக்கும், செலவோ மிகுதி.

தில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 13,530 குழந்தைகளை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 14 பேருக்கு இந்நோய் எனக் கருதப்பட்டது. வளர்ப்புச் சோதனையில் கிருமி அகப்பட்டதோ நூற்றுக்கு 6 பேரிடமே. அக்கிருமிகளுட் பல வழக்கமான மருந்துகளுக்கு அடங்காதவை. ஐயத்தின் பேரில் பலருக்கும் மருந்தளிக்க நேர்வதால் இத்தகைய கிருமிகள் மேலும் பெருகுகின்றன. மலிவான விரைவுச் சோதனையை உலகம் தேடுவது இதனாலேயே.

அது கைக்கு எட்டும்வரை நாம் செய்யத்தக்கது யாது? இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு, ஏழு அறிகுறிகளைத் தேர்ந்தெடுத்தது. மருத்துவமனையில் சேர்க்கத்தக்க கடும் நோயுற்ற முதல் வாரக் குழந்தைகளுள் நூற்றுக்கு 85 பேரிடம் இவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டது. அவை:

1. பால் குடிப்பதில் இடர்ப்பாடு.
2. வலிப்பு.
3. தூண்டினாலன்றி அசையாமை.
4. நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு.
5. மூச்சு இழுக்கையில் மார்பு கடுமையாக உட்குழிதல்.
6. உடற்சூடு 37.5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல்.
7. உடற்சூடு 35.5 டிகிரிக்குக் கீழ்.

ஒரு கடிகாரமும் வெப்பமானியும் உற்று நோக்கும் கண்ணும் இதற்குப் போதும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் பயிற்சி பெற்ற கிராமப் பெண்களைக் கொண்டு இத்தகைய கவனிப்பையும் சிகிச்சையையும் வீட்டிலேயே அளித்தனர். பச்சிளங் குழந்தை இறப்பு, ஒப்பிட்ட கிராமங்களைக் காட்டிலும் 62 சதவீதம் குறைந்ததென 1999-ல் அறிவித்தனர்.

எண்ணூர்க் கழிமுகத்தின் வடக்கே காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு முதலிய மீஞ்சூர் ஒன்றியத்து ஊர்த் தாய்மார்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. இவ்வறிகுறிகளுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் எனக் காத்திராதீர்கள். திருவொற்றியூர் வழியே இராயபுரத்து அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ ஸ்டான்லி மருத்துவமனைக்கோ செல்லும் பாதை, துறைமுக லாரிகள் நெருங்குவது; வழியில் கழியும் நேரத்தை வீட்டிலும் கழித்தல் ஆகாது. 108-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. வசம்பும் சர்க்கரைத் தண்ணீரும் புகட்டாதீர்கள். குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துக் கதகதப்பாகக் கொண்டு செல்லுங்கள். முன்பு ஏதேனும் மருந்து கொடுத்திருப்பின் மருத்துவரிடம் மறவாது கூறுங்கள்.

மாதர் சங்கங்களும் சுய உதவிக் குழுக்களும் கிராம சுகாதார செவிலியருடன் கூடி, இவ்வேழு அறிகுறிகளையும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பேற்றுக்கு முன்பே கற்பித்தல் வேண்டும். சோதனைச்சாலையின் விடை வருமுன் தாயின் கண் விடையளிக்குமாயின், பல சிசுக்கள் பிழைக்கும்.