பதினோராம் நாள் ஒரு பச்சைக் கோடு!

பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் வீட்டுக்குப் புது டி.வி. வந்தது. 43 இன்ச். விலை 28,490 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை. சுவரில் மாட்டி முடித்தவுடன் என் மனைவி கற்பூரம் ஏற்றித் திருஷ்டி சுற்றினாள். "டி.வி.தானே? ஏதோ புது லாரி வாங்கின மாதிரி சுத்தறியே?" என்றேன். ஒரு முறைப்புதான் பதில்.

சுற்றியது போதவில்லை போலிருக்கிறது. பதினோராம் நாள் காலை, செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்மணியின் நெற்றியில் தொடங்கி, மூக்கு வழியாக இறங்கி, கீழே ஓடுகிற எழுத்துக்கள் வரை ஒரு பச்சைக் கோடு! சேனலை மாற்றினேன். கிரிக்கெட் மைதானத்திலும் கோடு. பக்தி சேனலில் முருகனுக்கும் கோடு.

கடைக்கு ஓடினேன். வாங்குகிற அன்று ஏ.ஸி.யில் உட்கார வைத்து காபி கொடுத்த அதே கடை. இந்தத் தடவை நாற்காலியே காணோம். "ஏழு நாளைக்குள்ள வந்திருந்தா வேற பீஸ் மாத்திக் கொடுத்திருப்போம் ஸார். இப்போ கம்பெனி சர்வீஸ்தான். எங்களுக்கு சம்பந்தமில்லை" என்றார் சேல்ஸ் தம்பி.

நாலு நாள் கழித்து கம்பெனி மெக்கானிக் வந்தார். நான் ஆபீஸில். வீட்டில் அப்பா மட்டும். வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்தார், இரண்டு போட்டோ எடுத்தார், ஜாப் ஷீட்டில் எழுதினார்: 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம். வாரன்டி பொருந்தாது.' புது பேனல் போட 19,000 ரூபாய் ஆகுமாம்!

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் இருந்து ரிடையரானவர். 1978-ல் வாங்கிய டிரான்ஸிஸ்டரை உறை தைத்துப் போட்டு வைத்திருக்கிறார். அது இன்னும் பாடுகிறது. அப்படிப்பட்டவர் கையில் அந்தக் காகிதம். சாயங்காலம் நான் வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "தினமும் துணியால தொடைச்சேன்டா... ஒருவேளை அழுத்தித் தொடைச்சிட்டேனோ?"

அன்று ராத்திரி செய்தி பார்க்க ஹாலுக்கு அவர் வரவில்லை. மறுநாள் காலை பென்ஷன் பணத்திலிருந்து ஐந்தாயிரத்தை எண்ணி என் மேஜை மேல் வைத்திருந்தார். 19,000 ரூபாய் பில்லைவிட அந்த ஐந்தாயிரம்தான் எனக்குச் சுருக்கென்று குத்தியது.

ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் ஒருத்தர் இருக்கிறார். தீப்பெட்டி வாங்கினாலும் பில் கேட்கிற ஜாதி. அவரிடம் புலம்பினேன்.

"ஜாப் ஷீட்ல உங்கப்பா கையெழுத்துப் போட்டாரா?" என்றார் முதல் கேள்வியாக.

எடுத்துக் காட்டினேன். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் அப்பா எழுதியிருந்தார்: 'நகல் மட்டும் பெற்றுக்கொண்டேன்.' தபால் ஆபீஸ் பழக்கம்!

"அடடா! உங்கப்பா உங்களைவிடக் கெட்டிக்காரர்ஓய்! சேதம்னு அவங்க எழுதியிருக்காங்க, இவர் ஒப்புக்கலை. இது போதும்!" என்று துள்ளிய அவர், லஞ்ச் டயத்தில் எனக்கு வகுப்பே எடுத்துவிட்டார். சாரத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு டி.வி.யும் என்றைக்காவது கோடு போடலாமே!

முதல் பாடம்: 'எங்களுக்கு சம்பந்தமில்லை' என்று கடைக்காரர் நழுவ முடியாது. பணம் வாங்கி பில் போட்டது அவர்தான். ஆகவே புகார் எழுதும்போது கடை, கம்பெனி இரண்டு பெயரையும் சேர்க்க வேண்டும். 'விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் பயப்படாதீர்கள். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். கெடு எதுவும் எழுதவில்லை என்றால் முப்பது நாள் கணக்கு. பில்லே தர மறுப்பதும் அதே ரகம்தான்.

'ஏழு நாள் தாண்டிப் போச்சே' என்றால்? ஏழு நாள் என்பது கடைக்காரர் பேசாமல் மாற்றித் தருகிற சலுகைக்கு. கம்பெனியின் வாரன்டி அதனால் செத்துவிடாது. தயாரிப்பிலேயே இருந்த குறை என்றால் உங்கள் உரிமையும் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் பாடம்: காகிதம் சேர்க்க வேண்டும். பில், வாரன்டி கார்டு, ஜாப் ஷீட், கோடு தெரிகிற வீடியோ எல்லாம் பத்திரம். போனில் கத்துவதால் பிளட் பிரஷர்தான் ஏறும். சொன்னதையே ஈ-மெயிலில் எழுதினால் சாட்சி. ரிப்பேருக்கு செட்டை எடுத்துப் போனால் ரசீது வாங்காமல் வாசலைத் தாண்ட விடக் கூடாது.

மூன்றாம் பாடம்: கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள்! கடன் கொடுத்த பாங்க்குக்குப் பச்சைக் கோடும் தெரியாது, சிவப்புக் கோடும் தெரியாது. வட்டியும் அபராதமும் ஏறி, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது உங்கள் பெயரில்தான் கோடு விழும்.

நான்காவது: 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிவு செய்து, ஒரு நம்பர் கொடுத்து, கம்பெனிக்கு அனுப்பிவைப்பார்கள். பல புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும். ஆனால் அது கோர்ட் இல்லை. உத்தரவு போடுகிற அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. விற்கிற தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்கின்றன 2020-ம் வருட விதிகள்.

அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே பேசலாம். பழைய 1986 சட்டம் மாதிரி கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். நாம் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே போடலாம். கடை தி.நகரில், கம்பெனி வடக்கே எங்கேயோ. தாம்பரத்துக்காரனான நான் செங்கல்பட்டிலேயே வழக்குப் போடலாம்! 2025 ஜனவரி 1 முதல் 'இ-ஜாக்ருதி' தளம் வழியாக, வீட்டில் உட்கார்ந்தபடியே தாக்கல் செய்யவும் முடிகிறது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு, நஷ்ட ஈடு கொடு என்றெல்லாம் ஆணையம் உத்தரவிட முடியும்.

'நீங்கதான் உடைச்சீங்க' என்று கம்பெனி சொன்னால் அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. பரிசோதனை செய்தால்தான் குறை தெரியும் என்றால், ஆணையமே பொருளை லேபுக்கு அனுப்பலாம். அந்தச் செலவை முதலில் நாம் கட்ட வேண்டி வரலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தாக்கள் நீளுவதும் உண்டு. ஆகவே கேஸ் என்பது கடைசி ஆயுதம்.

நான் 1915-ஐச் சுழற்றினேன் (பழக்க தோஷம், அழுத்தினேன்!). பன்னிரண்டு நாள் கழித்து கம்பெனியிடமிருந்து பழைய பல்லவியே வந்தது: வாடிக்கையாளர் சேதம்.

அப்புறம்தான் லெட்டர் எழுதினேன். ஒரே பக்கம். என்று வாங்கினேன், என்று கோடு விழுந்தது, என்ன கேட்கிறேன் என்று மூன்று பத்தி. 'பதினைந்து நாளில் தீர்க்காவிட்டால் செங்கல்பட்டு ஆணையத்தில் மனுப் போட்டு, செட்டைப் பரிசோதனைக்கு அனுப்பக் கோருவேன்' என்று கடைசி வரி. கவரில் விலாசம் எழுதியது அப்பா. கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் வேறொரு என்ஜினீயர் வந்தார். கொஞ்சம் வயதானவர். அன்று நான் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். அவர் செட்டை இறக்கி, பின்பக்கம் கழற்றி, விளிம்பில் இருந்த மெல்லிய இணைப்புப் பட்டையைக் காட்டினார். "கண்ணாடில ஒரு கீறல் கூட இல்லியே ஸார். இந்த இடத்துல ஒட்டு சரியாப் பிடிக்கலை. இது வெளியிலேர்ந்து பட்ட அடி இல்லை" என்றார்.

மூலையில் நின்றிருந்த அப்பா, "தொடைச்சதால வருமா ஸார்?" என்று கேட்டார்.

"சேச்சே! துணியால தொடைச்சா பேனல் போகுமா பெரியவரே?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அவருக்கு மோர் கொண்டுவந்தார்.

பேனலை மாற்றித் தருகிறோம் என்றார்கள். வாங்கிய பதினோராம் நாளே போனதற்கு ரிப்பேர் எதற்கு, வேறு செட்தான் வேண்டும் என்றேன். பத்து நாளில் வந்தது. கூடவே இன்னொன்றும் கேட்டு வாங்கினேன்: 'தயாரிப்புக் குறையே காரணம், வாடிக்கையாளர் சேதம் அல்ல' என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி. அதற்குத்தான் ரொம்ப இழுத்தார்கள்.

புது செட் வந்த முதல் வாரம் அப்பா அதன் பக்கமே போகவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தார். அந்த லெட்டர் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மடித்து பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் எழுந்து ஹாலுக்கு வந்தபோது, தோளில் கிடந்த துண்டால் டி.வி.யைத் துடைத்துக்கொண்டிருந்தார்.