சத்தம் சொல்லும் சேதி: சலவை இயந்திரத்தின் கோளாற்றை வீட்டிலேயே அறிவோம்

தோட்டப்புறத்தில் துணி துவைப்பது என்றால் ஒரு காலத்தில் பொதுக்குழாயும் கல்லும் அம்மாக்களின் முதுகும்தான். மந்தின், நீலாய் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், அந்தப் பாரத்தைச் சலவை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அது தடதடவென்று அதிரத் தொடங்கினால் வீட்டில் எழும் முதல் கேள்வி, “புதுசு வாங்க வேண்டுமோ?” என்பதே. பழைய தவணை முடியும் முன்னே புதிய தவணைக்குக் கையெழுத்திடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கையெழுத்திடும் முன் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்வோம்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பதே முக்கியம். தண்ணீர் நிரம்பும்போதா, துவைக்கும்போதா, நீர் வெளியேறும்போதா, பிழியும்போதா? இதற்கு விடை கிடைத்தால் கோளாறு இருக்கும் இடம் பாதி தெரிந்துவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது. 230 வோல்ட் மின்சாரமும் ஈரத் தரையும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பிழியும்போது தடதடப்பு

பெரும்பாலும் கேட்கும் சத்தம் இதுதான். தொட்டி நிமிடத்திற்கு 700 முறை சுழல்கிறது, அதன் ஆரம் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கமாக ஒதுங்கிய அரை கிலோ ஈரத்துணி ஏறத்தாழ 670 நியூட்டன் விசையோடு தொட்டியை இழுக்கும். 68 கிலோ எடையுள்ள ஒருவர் விளிம்பில் தொங்கியபடி வினாடிக்குப் பன்னிரண்டு சுற்று வருவதைக் கற்பனை செய்து பாருங்கள்! கனமான போர்வையைத் தனியாகப் போடும்போது இயந்திரம் குதிப்பது இதனால்தான். நிறுத்தி, துணியைப் பிரித்துப் பரப்பினால் சரியாகிவிடும்.

பரப்பிய பின்னும் அதிர்ந்தால் தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் இயந்திரம் நிற்பது பெரும்பாலும் பின்கட்டில். அங்கே சிமெண்டுத் தரையைச் சாக்கடைப் பக்கம் சரிவாகவே போட்டிருப்பார்கள். மேல்மூடியின் நான்கு மூலைகளையும் மாறி மாறி அழுத்துங்கள். ஆடும் மூலையில் உள்ள காலைத் திருகி உயர்த்தி, அதன் நட்டை இறுக்குங்கள். ரசமட்டம் இல்லையென்றால் பாதி நீர் நிரப்பிய போத்தலைப் படுக்க வைத்துப் பார்த்தாலே போதும்.

மேல்மூடி இயந்திரத்தின் தொட்டி நான்கு கம்பிகளில் தொங்குகிறது. காலித் தொட்டியைக் கீழே அழுத்தி விடுங்கள். உடனே அடங்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால் அக்கம்பிகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். புதிதாக வாங்கிய முன்கதவு இயந்திரம் முதல் நாளே குதித்தால், ஏற்றி வரும்போது ஆடாதிருக்கப் பின்புறம் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றினார்களா என்று பாருங்கள்.

நீர் வெளியேறும்போது கடகடப்பு

முன்கதவு இயந்திரத்தில் இது நீரை வெளியேற்றும் பம்பின் சத்தம். தம்பியின் பள்ளிச் சட்டைப்பையில் இருந்த 20 காசோ, ஓர் ஊக்கோ அங்கே போய்ச் சிக்கியிருக்கலாம். முன்புறம் அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் வடிகட்டி இருக்கும். தட்டும் பழைய துணியும் வைத்துக்கொண்டு மெல்லத் திருகுங்கள்; தேங்கிய நீர் வெளியே வரும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறியபின் திறவுங்கள்.

நீர் நிரம்பும்போது ரீங்காரம்

தண்ணீர்த் தடை நீங்கி மீண்டும் நீர் வரும்போது வண்டலும் சேர்ந்து வருவதுண்டு. அது குழாய் இணையும் இடத்தில் உள்ள சிறு வலையை அடைத்துவிடும். குழாயை மூடி, இணைப்பைக் கழற்றி, வலையைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். நிரம்பி முடிந்ததும் “டொங்” என்று குழாய் அதிர்ந்தால், அது வால்வு சட்டென்று மூடுவதால் வருவது. குழாயைச் சற்றுக் குறைத்துத் திறந்தால் அடங்கும்.

வேகத்தோடு ஏறும் இரைச்சல்

பிழியும் வேகம் கூடக்கூட விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் ஏறினால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். பிளக்கை உருவி, காலித் தொட்டியைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலும், உள்தொட்டி தன் அச்சில் தனியே ஆடினாலும், அடியில் துருநீர் வடிந்திருந்தாலும் சந்தேகம் உறுதியாகும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டால் நீர் மோட்டார் வரை இறங்கலாம்.

நம் கைவேலை இந்த இடத்தோடு நிற்கட்டும். பேரிங், மோட்டார், கெப்பாசிட்டர் ஆகியவை பழுதுபார்ப்பவர் பொறுப்பு. பிளக்கை உருவிய பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அவரை அழைக்கும்போது, “சத்தம் வருகிறது” என்பதோடு நிறுத்தாமல், “தண்ணீர் போகும்போது சத்தமில்லை, பிழியும்போது மட்டும் இரைகிறது, கையால் சுற்றினால் கரகரக்கிறது” என்று சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் கூலியும் உதிரிபாக விலையும் எவ்வளவு என்று கேளுங்கள். புதியது வாங்குவதா, பழையதைச் சீர்செய்வதா என்பதை அந்தக் கணக்கு முடிவு செய்யட்டும்.

நண்பர்களே, விரிவுரை மண்டபத்தில் நாம் படிக்கும் மையவிலக்கு விசை வீட்டின் பின்கட்டிலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த பருவ விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அம்மா பல மாதமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சத்தத்தின் அருகில் பத்து நிமிடம் நின்று கேளுங்கள்.