வண்டி குலுங்குவது ஏன்?

கையால் கியர் மாற்றி ஓட்டும் கார், முதற் கியரில் மெல்லச் செல்லும்பொழுது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரினின்றும் காலைச் சட்டென எடுப்பாராயின், வண்டி வெடுக்கெனக் குலுங்கும். உள்ளிருப்போர் முன்புறம் சாய்வர். பிரேக்கைத் தொடாதபோதும் இது நிகழ்வது ஏன்?

மாட்டு வண்டியை நோக்கினால் காரணம் விளங்கும். சமநிலத்தில் மாடுகள் வண்டியை இழுக்கின்றன. இறக்கத்தில் அவை நடையைத் தளர்த்தினால், வண்டி அவற்றைத் தள்ளுகிறது. அப்பொழுது நுகம் முன்னே நகர, தளர்ந்திருந்த பூட்டாங்கயிறு வெடுக்கென இறுகுகிறது.

காரிலும் அவ்வாறே. கால் அழுத்தும் வரையில் எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. கால் விலகியதும் ஓடும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றத் தொடங்குகின்றன. பற்சக்கரங்கள் தடையின்றிச் சுழலும்பொருட்டு அவற்றின் பற்களுக்கிடையே சிறிது இடைவெளி விடப்பட்டிருக்கும். விசையின் திசை மாறும்பொழுது, ஒரு பக்கம் அழுந்தியிருந்த பற்கள் அவ்விடைவெளியைக் கடந்து மறுபக்கத்தில் மோதுகின்றன. முறுக்குண்டிருந்த தண்டுகளும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களும் மீண்டு அசைகின்றன. இவற்றின் விளைவே குலுக்கல்.

முதற் கியரில் இது மிகுவதற்கும் காரணம் உண்டு. பல சிறு கார்களில், அக்கியரில் சக்கரம் ஒருமுறை சுழல, எஞ்சின் 12 முறைக்கு மேல் சுழல வேண்டும். உயர்ந்த கியரில் 3 அல்லது 4 முறையே போதும். எத்தனை மடங்கு சுழற்சியோ, ஏறத்தாழ அத்தனை மடங்கு எஞ்சினின் தடையும் பெருகிச் சக்கரத்தைப் பற்றுகிறது. ஆதலின், காலை மெல்ல மெல்லத் தளர்த்துவோர் வண்டி குலுங்குவதில்லை. குலுங்கியதும் பதறி மீண்டும் அழுத்துவோர் குலுக்கலை வளர்க்கின்றனர்.

எனினும், இத்தடையைப் பகையென்று கருதலாகாது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவற்றில் இறங்குவோர் பிரேக்கை மட்டுமே நம்பி இடைவிடாது மிதிப்பாராயின், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினாலோ, எஞ்சினின் தடையும் வண்டியின் வேகத்தை அடக்க உதவும். அவ்விடத்தில் கிளச்சை மிதித்துக்கொண்டே செல்லுதல் அத்துணையை அறுத்தெறிவதாகும்.

சமநிலத்தில் குலுக்கித் துன்புறுத்தும் அதே விசை, மலைச்சரிவில் உயிரைக் காக்கிறது. அதன் இயல்பறிந்து நிதானமாய்க் காலைப் பயன்படுத்துவோரே நல்ல ஓட்டுநராவர்.