ரத்தக்கட்டியைப் பூண்டு கரைக்குமா?

காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவது உயிரைக் காக்கும். அதுவே ரத்தக்குழாய்க்குள் உறைந்தால் உயிருக்கு உலை வைக்கும். கால் சிரையில் உண்டாகும் கட்டி நுரையீரலில் போய் அடைக்கலாம். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். 'தினமும் நாலு பல் பூண்டு போதும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சமையலறைச் சரக்குகள்

பூண்டை நசுக்கும்போது அல்லிசின் உண்டாகிறது. அதிலிருந்து பிறக்கும் அஜோயின், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது. இஞ்சியின் ஜிஞ்சரால், மஞ்சளின் குர்குமின் ஆகியவையும் ஆய்வகத்தில் இதே குணத்தைக் காட்டுகின்றன. ஆனால் குர்குமினைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஜப்பானியர் சாப்பிடும் நாட்டோ என்ற புளித்த சோயாவில், உறைவை இறுக்கும் ஃபைப்ரின் இழைகளைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. இவை உணவாக நல்லவைதாம். உருவாகிவிட்ட கட்டிக்கு மருந்தாக இவற்றில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

மருந்தான தீவனம்

1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் அந்தத் தீவனத்திலிருந்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் டைகூமராலைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகவும், 1954-இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. கொன்ற பொருளைக் காக்கும் பொருளாக்கியது சரியான அளவும் தொடர் பரிசோதனையும்தான். வீட்டு வைத்தியத்தில் இல்லாதவை இவ்விரண்டுமே.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

வார்ஃபரின், அசெனோகூமரால் மாத்திரைகள், ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை. கீரைகளில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. அதற்காகக் கீரையை ஒதுக்க வேண்டாம். வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பூண்டு, மஞ்சள், ஜின்கோ மூலிகை மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம். அறுவை சிகிச்சைக்கு முன் இவற்றைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

நீண்ட பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள், புகையை விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, முகம் கோணிப் பேச்சு குழறினாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.