மூத்தாளுக்கு ஏற்ற சட்டை

திருப்பூரை அடுத்த முதலிபாளையத்தில், சிட்கோ தொழிற்பேட்டையிலுள்ள பனியன் கம்பெனி ஒன்றில், வெளிநாட்டு ஆர்டருக்கான உருப்படிகளைச் செக்கிங் மேஜைமேல் விரித்து, அக்குள் தையலுக்கு ஓர் அங்குலம் கீழே இஞ்சு டேப்பைக் குறுக்கே பிடித்து மார்பளவு பார்த்துக்கொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், த்ரீ எக்ஸ்எல் என்று லேபிள் வைத்த சட்டையைத் தூக்கிக் காட்டினார். “இத்தாச் சோடு அங்க இருக்கறவங்களுக்குத் தெச்சு அனுப்பறமுங்க. நம்ம கடைவீதியில போய் எனக்குக் கேட்டா, உங்க சைஸு வராதுக்கான்னு சிரிக்கறானுங்க. நைட்டி ஒண்ணுதான் நம்மகிட்ட அளவு கேக்காத துணிங்க,” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாரென்றாலும், அந்தச் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பின்னல் துணி இயல்பிலேயே சாந்த குணமுடையது. நூல் வளையத்துக்குள் வளையமாகக் கோக்கப்படுவதால், உடல் விரியுமிடத்தில் தானும் விரிந்து, ஒடுங்குமிடத்தில் தானும் ஒடுங்கும். துணிக்கு இல்லாத விறைப்பு, பேட்டர்ன் வெட்டும் முறையில் வந்து சேர்கிறது. பெரும்பாலும் மீடியம் என்னும் அளவிலேயே முதற் பேட்டர்னை வரைந்து, அதிலிருந்து ஒவ்வொரு சைஸுக்கும் மார்பில் இரண்டு அங்குலம் வீதம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போது தோளும் கழுத்தும் கைத்துளையுங்கூட ஒரு கணக்கில் விரிகின்றன. வயிறு பருத்தவருக்குத் தோளும் அதே விகிதத்தில் அகலும் என்று சரீரம் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அதனால் பெருத்த உடல் தனக்கென ஒரு வடிவுடைய உடலாகக் கருதப்படாமல், வீங்கிப்போன மீடியமாகவே பாவிக்கப்படுகிறது.

நம் ஸ்தபதிகளிடமும் ஓர் அளவுப் பட்டியல் இருந்தது. அதற்குத் தாளமானம் என்று பெயர். மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம், அதாவது 124 அங்குலம்; தேவியருக்கு மத்திம தசதாளம், 120 அங்குலம்; விநாயகருக்குப் பஞ்சதாளம்; பூதகணங்களுக்குச் சதுஸ்தாளம். அந்த அங்குலமோ டேப்பில் அச்சிட்ட அங்குலமன்று. பிரதிமையின் உயரத்தையே பங்கிட்டுப் பெறுகிற தேகாங்குலம். ஆகவே, தொந்திக் கணபதியைச் செதுக்கப் புகுந்த சிற்பி, நடராஜரின் அளவைக் கையில் வைத்துக்கொண்டு, இவருக்கு வயிறு மிகுந்துவிட்டதே என்று விசனப்படவில்லை. அவருக்கு உரிய அளவால் அவரை அளந்தான். அம்பிகையின் இடையை மட்டும் கொடியாகவே வார்த்தார்களே, தொந்தி ஆண் தெய்வத்துக்கு மாத்திரம் அளித்த சலுகைதானோ என்று கேட்பவர்கள், மூத்தாளை ஒருமுறை தரிசிக்க வேண்டும்.

தவ்வை, சேட்டை, மூத்தாள் என்று பலவாறு வழங்கிய ஜேஷ்டாதேவி, பல்லவ பாண்டியச் சிற்பங்களில், சரிந்த வயிறும் கனத்த ஸ்தனங்களும் அகன்ற தொடைகளுமாக, ஒருபுறம் மாட்டுமுக மகன் மாந்தனும் மறுபுறம் மகளும் இருக்க, காக்கைக் கொடியோடு சாவதானமாக வீற்றிருக்கிறாள். சிற்பி அந்த வயிற்றை ஒளிக்கவுமில்லை, பரிகசிக்கவுமில்லை. கி.பி. 773-ல், பாண்டியன் நெடுஞ்சடையனின் அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவியான நக்கன் கொற்றி, திருப்பரங்குன்றத்தில் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்த செய்தியைக் கல்வெட்டுக் கூறுகிறது. வெற்றிக்கு அதிதேவதையான துர்க்கைக்குப் பக்கத்திலேயே, பருத்த சரீரத்துத் தேவிக்கும் இடம் வேண்டுமென்று ஒரு பெண் நினைத்திருக்கிறாள். வள்ளுவர் அவளை முகடி என்று சொல்லிச் சோம்பலோடு சேர்த்துப் பேசியதும், தொண்டரடிப்பொடியாழ்வார் சேட்டையைத் தொழுவோரை இகழ்ந்ததும் உண்மையே. அவளுடைய வீழ்ச்சிக்குப் பருமனே காரணம் என்று சொல்வதற்குமில்லை. ஆயினும் அவள் பெயர் மூதேவி என்ற வசவாய்த் தேய்ந்தபின், பருத்தவள் சோம்பேறி என்ற முடிச்சு வீடுகளில் இறுகிவிட்டது.

சினிமா அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டது. பருத்த பெண் திரையில் வந்தால் நாற்காலி முறிய வேண்டும். அவள் ஒருவனைக் காதலித்தாலோ, அவன் ஓட, கொட்டகை சிரிக்க வேண்டும். சிருங்காரம் அவளுக்கு விலக்கப்பட்டு, ஹாஸ்யம் மட்டும் அளக்கப்பட்டது. இத்தனைக்கும், பூப்போன்று உப்பிய இட்லிக்கு நடிகை குஷ்புவின் பெயரைச் சூட்டி ஆசையோடு உண்டதும் இதே நாடுதான். பூரிப்பை விரும்பும் மனம் நமக்கு இல்லாமற் போகவில்லை, அதை ஒப்புக்கொள்ளும் நாவுதான் கூசுகிறது. 2015-ல் வெளிவந்த ‘இஞ்சி இடுப்பழகி’ பருத்த பெண்ணையே நாயகியாக்கியது. ஆனால் அவ்வேஷத்துக்கு அனுஷ்கா ஷெட்டி என்னும் மெலிந்த நட்சத்திரமே எடை கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1969-லேயே பருமனானோரின் உரிமைக்கென ஒரு சங்கம் தோன்றியிருக்க, நம்மிடம் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியை மென்றுகொண்டே “பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல” என்று தீர்ப்பளிப்பது இன்னும் ஓயவில்லை.

வைத்தியர்களின் கவலை பொய்யென்று நான் சொல்லவில்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மெய்யான வியாதிகள். ஆனால், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரம், பெல்ஜியத்து அறிஞர் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் ஜனசமூகத்தின் சராசரியை ஆராய்கையில் வகுத்தது. 1972-ல்தான் அது பி.எம்.ஐ. என்ற இன்றைய பெயரைப் பெற்றது. சராசரியை அறியப் பிறந்த கணக்கு, தனி மனிதரின் மதிப்பை அளக்கப் பிறந்ததன்று.

இந்தியச் சரீரங்களுக்கென்றே ஓர் அளவுப் பட்டியல் வகுக்க, 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை ஸ்கேனரால் அளக்கும் ‘இந்தியாசைஸ்’ திட்டத்தை நிஃப்ட் என்னும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் மேற்கொண்டது; பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரி இந்த முதலிபாளையத்திலும் இருக்கிறது. நான் அந்தப் பெண்மணியிடம் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கையில், அடுத்த மேஜையில் சாம்பிள் சட்டை ஒன்றின் கைத்துளை டம்மியின் புஜத்தில் சிக்கிக்கொள்ள, கட்டிங் மாஸ்டர் அதைக் கழற்றி, சாக்குக்கட்டியால் துளையருகே ஒரு கோடு இழுத்தார். “பேட்டர்ன மாத்தோணுங்க,” என்றார். டம்மியின் புஜம் பருத்துவிட்டது என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.