தீ அணைந்த பிறகு

தேனியிலிருந்து போடிநாயக்கனூர் சென்று, அங்கிருந்து மலையடிவாரம் வரை போனால் குரங்கணி என்னும் சிற்றூர் வரும். 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி, கொழுக்குமலையிலிருந்து இவ்வூரை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் கூட்டத்தைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. ஒன்பது பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சியோரை ஊர்மக்களும் அரசாங்க ஊழியர்களும் சுமந்து இறக்கினர். மீட்பு வேலை மறுநாளும் நீடித்தது. காயம்பட்டோர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். அப்பாடா, பிழைத்தார்கள் என்று நாம் நினைத்தோம். ஆனால் அடுத்து வந்த நாட்களில், படுக்கையிலேயே, ஒருவர் பின் ஒருவராக மேலும் பலர் இறந்தனர்.

"தீதான் அணைந்துவிட்டதே, பிறகு ஏன் சாகவேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவி நம்மைக் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

தோல் என்பது வெறும் போர்வையன்று. உடலின் நீரைச் சிந்தாமல் காக்கும் பாத்திரம் அது. பெரும் பகுதி வெந்துவிட்டால், இரத்தத்திலுள்ள நீர் கசிந்து வெளியேறுகிறது, சிறுநீரகம் சோர்ந்துவிடுகிறது. காயம்பட்டவர் முதல் நாள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். உறவினர் அதைக் கண்டு ஏமாந்துபோவர். காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களும் சேர்ந்து, அவர் உடலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. இந்த அளவுகோலைக் கொண்டுதான் ஆரம்பக் கணக்குப் போடுகிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவிகிதம் வெந்திருந்தால், பார்க்லண்டு முறைப்படி முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர் திரவம் நரம்பு வழியே ஏற்றவேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்திற்குள்! அந்த எட்டு மணி, மருத்துவமனை வாசலில் தொடங்குவதன்று. தீ பட்ட நிமிஷத்திலேயே தொடங்கிவிடுகிறது. மலைச்சரிவில் கழிந்த ஒவ்வொரு நாழிகையும் இக்கணக்கில் கழிவுதான். பிறகு மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து, திரவத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நர்ஸின் பொறுப்பு.

இந்தக் கண்டத்தைத் தாண்டினால் அடுத்த பகை கிருமி. கட்டை மாற்றும்போதெல்லாம் நோயாளி துடிக்கிறார்; மாற்றாவிட்டாலோ சீழ் பிடிக்கிறது. காயத்தில் ஒட்டாத கட்டு வேண்டுமென்று தேடிய பம்பாய் வைத்தியர்கள், கிருமி நீக்கிய வாழையிலையைப் பரீட்சித்து நல்ல பலன் கண்டார்கள். கம்பம், சின்னமனூர்ப் பக்கத்து வாசகர்கள் இதைப் படித்துப் பெருமைப்படலாம். ஆனால் தோட்டத்து இலையை அப்படியே அறுத்துக் காயத்தில் போர்த்திவிட வேண்டாம்.

வீட்டு அடுக்களையில் கை சுட்டால் நாம் செய்வதென்ன? பேனா மையைக் கொட்டுகிறோம். தோசை மாவை அப்புகிறோம். இப்போது பற்பசையும் சேர்ந்துகொண்டது. இவை சூட்டைத் தணிப்பதில்லை. காயத்தின் ஆழத்தை வைத்தியர் பார்க்கவொட்டாமல் மறைத்துவிடுகின்றன. ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதே போதும். ஐஸ் கூடாது. மோதிரம், வளையல்களை வீக்கம் காணுமுன் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல், தூய துணியால் மூடி, வைத்தியரிடம் காட்டவேண்டும்.

காயம் ஆறிய பின்னும் வேலை முடிவதில்லை. ஆறும் தோல் சுருங்கி, கழுத்தை மார்போடு இழுக்கும், விரல்களை மடக்கிவிடும். ஆகவே நோயாளி அழுதாலும், வேண்டாமென்று கெஞ்சினாலும், தினந்தோறும் அவ்விரல்களைப் பிடித்து நீட்டிவிட ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டியிருக்கிறது, மாதக்கணக்கில்.